ஒழுகுகிறது என்று யாரும் சொல்லவில்லை

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருக்கும். அடுப்பு மூட்டுவதற்காகக் கராஜில் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த அட்டைகளில் ஒன்றை உருவிய லோர்னா மாட்டிலா, கிழிக்கப் போன கையோடு அப்படியே நின்றுவிட்டாள். அட்டையின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டக் கறை. விளிம்பு மட்டும் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். மூன்று நாள் ஆகியும் பெட்ரோல் வாடை போகவில்லை.

அட்டையின் மூலையில் அவள் கையெழுத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: வெர்னர், புதன்.

லோர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. காலையிலும் மாலையிலும் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள். நடுவில் இருக்கும் நேரத்தில் ஊராரின் பனி வாரும் மிஷின்களைப் பழுது பார்ப்பாள். ஏரிக்காற்று கொண்டுவந்து கொட்டும் பனி, நவம்பரில் ஆரம்பித்தால் ஏப்ரல் வரை ஓயாத அந்த ஊரில் அது சின்ன வேலை இல்லை. மிஷின் ஓடாவிட்டால் கார் வெளியே வராது. கார் வராவிட்டால் டாக்டரிடம் போக முடியாது, கடைக்குப் போக முடியாது. மிஷின் ஓடாமல் போவதற்குப் பத்தில் ஒன்பது தடவை கார்புரேட்டர்தான் காரணம். வசந்தத்தில் பெட்ரோலை வடிக்காமல் மூலையில் தள்ளிவிடுவார்கள். கோடை முழுவதும் அது உள்ளேயே கிடந்து, கெட்டித் தேன் மாதிரி பிசினாகி, ஊசி முனை அளவுள்ள துளைகளை அடைத்துவிடும்.

இந்த வேலையை அவள் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருஷம் முன்னால் அவள் புருஷன் வேலை தேடித் தெற்கே போனவன், அங்கே வேலையோடு வேறொரு குடும்பத்தையும் தேடிக்கொண்டான். அந்தக் குளிர்காலத்தில் வீட்டு மிஷின் கிளம்பவில்லை. கேட்பதற்கு வெட்கப்பட்டுக்கொண்டு, கையேட்டைப் பிரித்துவைத்து, சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்து, கார்புரேட்டரைத் துண்டு துண்டாகக் கழற்றினாள். மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் மிஷின் உறுமியபோது பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அடுத்த வாரம் அவர்களுடைய மிஷின் அவள் வாசலில் நின்றது.

அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு விதிகள். ஒன்று, புதிய கார்புரேட்டர் வாங்குவதில்லை. கடையில் பெட்டி பெட்டியாகக் கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால், "மூக்கடைச்சா மருந்து போடுவீங்களா, மூக்கையே மாத்துவீங்களா?" என்பாள். இரண்டாவது, சரிசெய்த மிஷின் ஒரு ராத்திரி முழுக்க அட்டையின் மேல் நிற்க வேண்டும். காலையில் அட்டை காய்ந்திருந்தால்தான் வீட்டுக்குப் போகும்.

காசு வாங்கமாட்டாள். புகைபோட்ட மீன் கொடுப்பார்கள், ஏலக்காய் ரொட்டி கொடுப்பார்கள். ஒருவர் முழு மான் தொடையைக் கொண்டுவந்து வைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு மிஷின் கூட அவளிடம் திரும்பி வந்ததில்லை. ஒரு குறை வந்ததில்லை. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் காலையில் பஸ் ஓட்டிப் போகும்போது, வாசல் வாசலாகச் சுத்தமாக வழிக்கப்பட்ட பாதைகளைப் பார்த்துக்கொண்டே போவாள்.

புதன்கிழமை அந்த இரண்டாவது விதியை மீறியிருந்தாள். சாயங்காலம் புயல் வருகிறது என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெர்னர் ஹுக்கலா, எண்பத்தொரு வயது, காலில் பனி பூட்ஸோடு கராஜ் வாசலிலேயே நின்றார். எதுவும் கேட்கவில்லை. வெறுமே நின்றார். அவளுக்கு இரண்டேகாலுக்குப் பஸ் எடுக்க வேண்டும். கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றி, பிசினைச் சுரண்டி, துளைகளில் கம்பி விட்டு, ஊசியும் அது உட்காரும் ரப்பர் வளையமும் மாற்றி, மூடிவிட்டாள். ஒரே இழுப்பில் மிஷின் கிளம்பியது. வெர்னர் ஒரு காபி குடித்து முடிக்கும் வரை அட்டையில் நின்றது. பிறகு இருவருமாகத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். அட்டையைப் பார்க்காமலே சுவரோரம் சாய்த்துவிட்டாள்.

அரைமணி நேரத்தில் உள்ளங்கை அளவு. மூன்று நாளில் எவ்வளவு?

சரி, பயப்பட ஒன்றுமில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். மிஷின் அவர்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும். மண் தரை. நாறும், அவ்வளவுதான். போனை எடுத்தாள். வெர்னரின் மனைவி இல்மா எடுத்தாள்.

"இல்மா, நான் லோர்னா. அந்த மிஷின் ஒழுகுதா பாருங்க."

"மிஷினா? நல்லா ஓடுதும்மா. இன்னைக்குக் காலையில கூட வாசலை வழிச்சாரு."

"ஓடட்டும். கீழ பெட்ரோல் நிக்குதான்னு கொட்டகையில போய்ப் பாக்கச் சொல்லுங்க."

"கொட்டகையில இல்லையே அது. கூரைப் பனி சரிஞ்சு கதவை மூடிடுச்சு. சவுனாவுலதான் நிக்குது."

"எங்க?"

"சவுனாவுல. துணி மாத்துற முன்னறையில. மரச்சுவரு, கதகதப்பா இருக்கும், காலையில ஒரு இழுப்புல கிளம்பிடுதுன்னு இவருக்கு ஒரே குஷி."

அந்தச் சவுனாவில், வீட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் அந்த நீராவிக் குளியல் அறையில், லோர்னா நூறு தடவை குளித்திருக்கிறாள். அடுப்பின் வாய் நீராவி அறைக்குள் இல்லை. முன்னறையில்தான் இருக்கிறது. விறகை அங்கிருந்துதான் போடுவார்கள்.

"வெர்னர் எங்க?"

"இன்னைக்குச் சனிக்கிழமை இல்லையா. சவுனா மூட்டப் போயிருக்காரு. இப்பத்தான் தீப்பெட்டியை எடுத்துக்கிட்டு..."

"இல்மா, கூப்பிடுங்க. தீக்குச்சி உரசக் கூடாது. கத்துங்க. இப்பவே கத்துங்க."

பின்கதவு திறக்கும் சத்தமும், "வெர்னர்" என்று இல்மா கூவும் சத்தமும் கேட்டன. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. இல்மா திரும்பி வந்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

"காது மிஷினைக் கழட்டி வச்சிட்டுப் போயிருப்பாரு. சூட்டுல கெட்டுப்போயிடும்னு எப்பவும் கழட்டிடுவாரு. எனக்கு இந்த இடுப்போட பனியில இறங்க முடியாதே, லோர்னா."

"படியில நின்னு கத்திக்கிட்டே இருங்க. நான் வர்றேன்."

ஒன்றரை மைல். அவள் வாசலில் அரசாங்கப் பனிவண்டி தள்ளிவிட்டுப் போன பனித்திட்டு இடுப்பளவு இருந்தது. அதைச் சுற்றிப் போக நேரமில்லை. வண்டியை அதற்குள்ளேயே விட்டு முட்டினாள். முன்கண்ணாடி வெள்ளையாகி, பிறகு தெளிந்தது. சாலையின் இரண்டு பக்கமும் வீட்டுக்குப் பின்னால் சவுனாக்களின் புகைபோக்கிகள் புகைந்துகொண்டிருந்தன. சனிக்கிழமைகளில் இந்த நேரத்தில் அப்படித்தான் இருக்கும். எத்தனையோ சனிக்கிழமைகள் அந்தப் புகையைப் பார்த்து அவள் மனம் இளகியிருக்கிறது. இன்று ஒவ்வொரு புகையைக் கண்டதும் ஆக்சிலரேட்டரை இன்னும் அழுத்தினாள். ஹுக்கலா வீட்டுத் திருப்பத்தில் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். புகை இல்லை. நல்லதா கெட்டதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

படியில் இல்மா உள்ளங்கையை வாயில் குவித்துக் கத்திக்கொண்டிருந்தாள். குரல் கட்டிப்போயிருந்தது. லோர்னா வண்டியை அணைக்காமல் இறங்கி ஓடினாள்.

சவுனாக் கதவைத் திறந்ததும் வாடை முகத்தில் அறைந்தது. வெர்னர் முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பின் முன் மண்டியிட்டிருந்தார். அடுப்பின் வாய் திறந்திருந்தது. விறகுக்கு அடியில் தீப்பிடிக்க வைப்பதற்காகச் சுருள் சுருளாகப் பூர்ச்ச மரப் பட்டை. அவருடைய இடது கையில் தீப்பெட்டி. வலது கையில் ஒரு குச்சி. அவருக்குப் பின்னால் மிஷின் நின்றது. அதன் அடியில், அவர்கள் குளிக்கப் பயன்படுத்தும் நீல விளிம்பு வைத்த வெள்ளைப் பேசின். அதில் ஒரு விரல் ஆழத்துக்குப் பெட்ரோல். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சொட்டு விழுந்தது.

கத்திப் பயனில்லை. திடுக்கிட்டால் கை உரசிவிடும். இரண்டே எட்டில் பின்னால் போய், குனிந்து, அவருடைய இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

வெர்னர் மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"அட, லோர்னாவா. சீக்கிரம் வந்துட்டியே. இன்னும் மூட்டவே இல்லையே."

அவள் தீப்பெட்டியைப் பிடுங்கி, வெளியே போய், கையில் இருந்த வலிமையையெல்லாம் சேர்த்துப் பனிக்குள் எறிந்தாள். திரும்பி வந்து பேசினைத் தளும்பாமல் தூக்கி வெளியே வைத்தாள். மிஷினை இழுத்து வெளியே விட்டாள். இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்தாள். அங்கேயே பனியில் உட்கார்ந்துவிட்டாள்.

வெர்னர் சட்டைப் பையிலிருந்து காது மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டு, அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னாச்சு, யாருக்காவது ஏதாவதா?"

"எப்ப இருந்து ஒழுகுது?"

"அதுவா." அவர் பேசினைப் பார்த்தார். பிடிபட்ட மாதிரி முகம் போனது. "புதன் சாயங்காலத்துல இருந்து. பெருசா ஒண்ணுமில்ல. சொட்டுச் சொட்டாத்தான். பேசினை வச்சிட்டேன். காலையில எந்திரிச்சதும் புனலை வச்சுத் திரும்ப டேங்க்ல ஊத்திடுவேன். ஒரு சொட்டு வீணாகல."

"மூணு நாளா?"

"மூணு நாளா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

வெர்னர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"பஸ்ஸுக்குப் போற அவசரத்துல செஞ்சு குடுத்த. காசும் வாங்கல. அதுல போய் நொட்டை சொன்னா நல்லாவா இருக்கும்?"

"தீ வைக்கப் போனீங்களே, வெர்னர்."

"பேசினை நகர்த்திட்டுத்தான் வைக்கலாம்னு இருந்தேன்."

"எங்க நகர்த்தி?"

அவர் யோசித்தார். பிறகு திறந்திருந்த கதவின் வழியே உள்ளே கையைக் காட்டினார். துணி மாற்றும் பெஞ்சுக்குக் கீழே. அடுப்பிலிருந்து இன்னும் ஒரு முழம் தள்ளி.

லோர்னா முகத்தைக் கையுறைகளால் மூடிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து, பேசினில் இருந்ததைக் கேனில் ஊற்றி மூடினாள். வண்டியிலிருந்து ஸ்பானரைக் கொண்டுவந்து, அங்கேயே முற்றத்தில் கிண்ணத்தைக் கழற்றினாள். ஊசியை எடுத்தாள். ரப்பர் வளையத்தைக் கொக்கியால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். துவரம் பருப்பு அளவுள்ள அந்த வளையத்துக்கு ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் வரிப்பள்ளம். வரிப்பள்ளம் உள்ளே போக வேண்டும், வழவழப்பான பக்கம் ஊசியைத் தாங்கிப் பெட்ரோலை அடைக்க வேண்டும். அவள் தலைகீழாகப் போட்டிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு செய்வேன் என்று அவள் நினைத்திருந்த வேலை அது.

சமையலறையில் இல்மா காபி ஊற்றினாள். பாதி தட்டில் போயிற்று.

"பேசின் எங்கன்னு ரெண்டு நாளா தேடிக்கிட்டிருக்கேன்," என்றாள் புருஷனிடம். "கேட்டா தெரியாதுன்னு சொல்லிட்ட. எனக்கும் தெரியக் கூடாதா?"

"தெரிஞ்சா நீ போன் போட்டுடுவ."

"போட்டிருப்பேன்தான். போட்டிருந்தா தப்பா? எரிஞ்சு போயிருப்பியே."

"எரியலையே."

"காபியைக் குடி," என்றாள் இல்மா. பிறகு லோர்னாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறுதல் சொல்கிற நினைப்பில் தொடர்ந்தாள். "நீ மனசைப் போட்டு அலட்டிக்காத. எல்லாருக்கும் நடக்கிறதுதான். டென்னி பெராலா மிஷின் கூடத்தான் போன வருஷம் பாதி வழியில நின்னு நின்னு போச்சு. அவன் ஏதாவது சொன்னானா?"

லோர்னா ரொட்டியைக் கீழே வைத்தாள்.

"டென்னி மிஷின் நான் செஞ்சது. நல்லா ஓடுதுன்னானே."

"இப்ப ஓடுது. டவுன்ல புது கார்புரேட்டர் மாட்டிக்கிட்டான்ல."

வெர்னர் மேசைக்கு அடியில் காலால் எதையோ தட்டினார். இல்மாவின் காலாக இருக்க வேண்டும். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் நேரம் கடந்துவிட்டது.

"எப்ப எடுத்துட்டுப் போனான்? நான் தினம் அந்த வழியாத்தானே போறேன்."

இல்மா தட்டில் சிந்திய காபியைத் திரும்பக் கப்பில் ஊற்றினாள்.

"உன் பஸ் போனதுக்கு அப்புறமா," என்றார் வெர்னர் கடைசியில். "மேல தார்ப்பாய் போட்டு."

"டென்னி மட்டுமா?"

புருஷனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மூணு பேரு," என்றாள் இல்மா.

"நாலு," என்றார் வெர்னர். "ஜாய்ஸை விட்டுட்டியே."

பெட்ரோல் வாடையை விட இது அவளைப் பலமாக அறைந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த அந்த அமைதி, அவள் வேலையைப் பற்றியது இல்லை. அது அவர்களுடைய மரியாதை. அவள் வாசலுக்கு மிஷின்கள் திரும்பி வராததற்குக் காரணம், தார்ப்பாய். சுத்தமாக வழிக்கப்பட்ட அந்தப் பாதைகளில் எத்தனையைக் கடையில் வாங்கிய புதுக் கார்புரேட்டர் வழித்தது, எத்தனை பேர் பனியில் நின்று கயிறை இருபது தடவை இழுத்துக் களைத்துப்போய் மண்வாரியை எடுத்தார்கள்? அவர்களில் யாராவது மிஷினைச் சவுனாவில் நிறுத்தியிருந்தால்?

"ஜாய்ஸ் எனக்கு அந்த வருஷம் ரெண்டு மீன் குடுத்தா," என்றாள் லோர்னா.

"பாவமா இருந்திருக்கும் அவளுக்கு," என்றாள் இல்மா.

அன்று ஹுக்கலா வீட்டில் சவுனா மூட்டவில்லை. வாடை போக இரண்டு நாள் ஆகும் என்று லோர்னா சொல்லிவிட்டாள். எண்பத்தொரு வருஷத்தில் சவுனா இல்லாத சனிக்கிழமை இதுதான் முதல் தடவை என்று வெர்னர் முணுமுணுத்தார். என் வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டாள். அவள் வீட்டு அடித்தளத்தில் இருப்பது மின்சார சவுனா. "அது சவுனா இல்ல, ரொட்டி வாட்டுற பெட்டி," என்றார். ஆனாலும் துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். வெளியே வரும்போது முகம் சிவந்து, எதுவும் சொல்லாமல், இரண்டு கப் காபி குடித்தார். நன்றாக இருந்ததா என்று அவள் கேட்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்று தெரியும். அதை நம்ப முடியாது என்பதும் இப்போது தெரியும்.

திங்கட்கிழமை காலைப் பஸ் முடிந்ததும் டவுனுக்குப் போனாள். கடைக்காரன் பெட்டியை எடுத்துவைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"உங்களுக்கா?"

"எனக்குத்தான்."

"மூக்கையே மாத்தப் போறீங்களா?"

தன் மூக்குப் பேச்சு டவுன் வரை வந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. "ஆமா," என்றாள்.

பழையதை மறுபடி சரிசெய்திருக்கலாம். வளையத்தைத் திருப்பிப் போட்டால் போதும். ஆனால் அந்த முன்னறையை நினைத்தபோது, தன் விரல்களை நம்ப இன்னும் கொஞ்ச நாள் வேண்டும் என்று தோன்றியது. வெர்னரின் முற்றத்தில், திறந்த வெளியில், குளிரில் விரல் மரத்துப்போக, புதியதை மாட்டினாள். கொட்டகைக் கதவை அடைத்திருந்த பனியை இரண்டு பேருமாக வெட்டி எடுத்தார்கள். மிஷினைக் கொட்டகைக்குள் தள்ளி, அடியில் புது அட்டையை விரித்தாள்.

"நாளைக்குக் காலையில அட்டையைப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க."

"நல்லாத்தான் இருக்கும்."

"நல்லா இருக்கும்னு சொல்லாதீங்க. எது நல்லா இல்லையோ அதைச் சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா டென்னி வீட்டுக்கு நான் எப்படிப் போவேன்? ஜாய்ஸ் வீட்டுக்கு? எல்லா வீட்டுக்கும் போய்க் கேக்கணும் நான். உங்ககிட்டேருந்துதான் ஆரம்பிக்கணும்."

வெர்னர் ஸ்பானரைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, பஸ் சாவியை எடுக்கும்போது போன் அடித்தது.

"லோர்னா. அட்டை காஞ்சிருக்கு."

"சரி."

மறுமுனையில் பின்னால் இல்மா ஏதோ கிசுகிசுப்பது கேட்டது.

"ஆனா," என்றார் வெர்னர். அந்த ஒரு சொல்லை வெளியே கொண்டுவர அவர் பட்ட பாடு கம்பி வழியே தெரிந்தது. "கிளம்பினதும் கொஞ்சம் உறுமுது. முன்னாடி அப்படி இல்ல."

லோர்னா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். பென்சிலை எடுத்தாள்.

"எவ்வளவு நேரம் உறுமுது?"

"ஒரு நிமிஷம் இருக்கும். கோவிச்சுக்காத."

"கோவம் இல்ல. வேற?"

"வேற ஒண்ணுமில்ல." மறுபடி கிசுகிசுப்பு. "சோக் தள்ள இறுக்கமா இருக்குன்னு சொல்லச் சொல்றா இவ. அவ்வளவு இறுக்கம் இல்ல. இருக்குதான், ஆனா..."

"இறுக்கமா இருக்குன்னா இறுக்கமா இருக்குன்னு சொல்லுங்க, வெர்னர்."

"இறுக்கமா இருக்கு."

எழுதிக்கொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

"வேற?" என்றாள்.